அடல் டிங்கரிங் லேப் கிராண்ட் ரிவ்யூ: 20 லட்சம் சரி, பேட்டரி யார் வாங்குறது?

ரேட்டிங்கை முதல்லயே சொல்லிடறேன், கீழ வரைக்கும் தேட வேண்டாம். அடல் டிங்கரிங் லேப் கிராண்டுக்கு நான் போடுற மார்க் 5-க்கு மூணரை. அதுல ரெண்டரை, லேப்பை ஓட்டக் குடுக்கிற, யாருமே பேசாத ரெண்டாவது பத்து லட்சத்துக்கு. சாமான் வாங்கக் குடுக்கிற, எல்லாரும் வாயைப் பொளந்துட்டு பாக்குற முதல் பத்து லட்சத்துக்கு ஒண்ணுதான்.

நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒண்ணுல ஃபிசிக்ஸ் வாத்தியார். லேப் இன்சார்ஜ் வேலையும் என் தலையிலதான். அக்கம்பக்கத்து ஸ்கூல்ல இருந்து "சார், ஏ.டி.எல் அப்ளை பண்ணலாமா, இல்ல ஏதாவது கம்பெனிகிட்ட சி.எஸ்.ஆர் கேக்கலாமா, இன்ஸ்பயர் போதுமா"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். (ஏ.டி.எல்-னா இந்த அடல் டிங்கரிங் லேப், சி.எஸ்.ஆர்-னா கம்பெனிங்க சமூகத்துக்கு செலவு பண்ற காசு, இன்ஸ்பயர்-னா புள்ளைங்க ஐடியாவுக்கு மத்திய அரசு குடுக்கிற காசு.) புள்ளைங்க கையால செஞ்சு அறிவியல் படிக்கணும், அதுக்குக் காசு வேணும், அந்தக் காசு எந்த வழியில வந்தா நல்லா வேலை செய்யுதுங்கிறதுதான் இந்த ரிவ்யூ. போன் வாங்குறவங்க கேமரா, பேட்டரி எல்லாம் ஒப்பிட்டுப் பாக்குறாங்கல்ல, கிராண்டையும் அப்படிப் பாத்துதான் வாங்கணும், கிடைக்குதேன்னு வாங்கக்கூடாது.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா: மத்திய அரசோட நிதி ஆயோக்குக்குக் கீழ அடல் இன்னோவேஷன் மிஷன்னு ஒண்ணு 2016-ல ஆரம்பிச்சாங்க. அதோட ஸ்கூல் பக்கம்தான் இந்த டிங்கரிங் லேப். 6-ல இருந்து 12 வரைக்கும் உள்ள பசங்களுக்கு. தேர்வாகுற ஸ்கூலுக்கு மொத்தம் 20 லட்சம் வரை, அதுல 10 லட்சம் சாமான் வாங்கி லேப் போட, மீதி 10 லட்சம் அஞ்சு வருஷம் லேப்பை ஓட்ட, அதாவது வருஷத்துக்கு 2 லட்சம் கணக்கு. நாடு முழுக்க 10,000 லேப் போட்டிருக்காங்க. 2025 பட்ஜெட்ல அடுத்த அஞ்சு வருஷத்துல அரசுப் பள்ளிகள்ல இன்னும் 50,000 போடுவோம்னு அறிவிச்சாங்க, அதனாலதான் இப்ப எல்லா ஹெச்எம்முக்கும் திடீர்னு இதுமேல கண்ணு.

அப்ளிகேஷன் பத்தி. நேர்மையா சொன்னா பயப்பட ஒண்ணும் இல்ல, ஆன்லைன்லதான். ஸ்கூல்ல எத்தனை புள்ளைங்க, இன்டர்நெட் இருக்கா, கரன்ட் ஒழுங்கா இருக்கா, கம்ப்யூட்டர் ரூம் இருக்கா, லைப்ரரி, கிரவுண்ட், இப்படிக் கேப்பாங்க. பெரிய தடை இடம்தான். சமவெளிப் பகுதி ஸ்கூலுக்கு 1,500 சதுர அடி, மலைப்பகுதிக்கும் வடகிழக்குக்கும் 1,000. சாதா கிளாஸ்ரூம் ரெண்டு மூணைச் சேர்த்தாதான் அவ்வளவு வரும். நடுச்சுவத்தை இடிக்கணும்னா கரஸ்பாண்டன்ட்டைச் சம்மதிக்க வைக்கணும், ரூம் போனா பத்தாம் கிளாஸ் ஸ்பெஷல் கிளாஸ் எங்க நடத்துறதுன்னு இன்னொரு சண்டை வரும். கிராண்டுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி இந்தச் சண்டையைப் போட்டு முடிச்சிடுங்க, செலக்ட் ஆனப்புறம் போட்டா லேப் சாமானெல்லாம் அட்டைப்பெட்டியோட ஹெச்எம் ரூம்ல கிடக்கும்.

லேப் எதுக்கு வேணும்னு எழுதுற இடத்துல நிறைய பேர் "மாணவர்களிடையே புதுமைச் சிந்தனையை வளர்த்து நாளைய இந்தியாவை..."ன்னு ஆரம்பிச்சிடறாங்க. படிக்கிறவங்க ஆயிரக்கணக்குல இதையே படிச்சிருப்பாங்க சார். உங்க ஊர்ல என்ன இருக்கு, விசைத்தறியா, பட்டாசா, உப்பளமா, வாழைத்தோட்டமா, அதுல உங்க பசங்க வீட்டுல தினம் பாக்குற ஒரு சிக்கல் எது, அதை லேப்ல எந்த சாமானை வச்சு தொட்டுப் பாப்பீங்கன்னு நாலு வரி எழுதுங்க. கிராண்ட் கிடைக்குதோ இல்லையோ, அந்த நாலு வரி எழுதத் தெரிஞ்ச ஸ்கூல்லதான் லேப் ஓடும்.

செலக்ட் ஆனா தனி பேங்க் அக்கவுண்ட், பி.எஃப்.எம்.எஸ் (அரசுக் காசு எங்க போகுதுன்னு பாக்குற ஆன்லைன் அமைப்பு) ரெஜிஸ்ட்ரேஷன், ஒப்பந்தப் பேப்பர், அப்புறம்தான் முதல் தவணையா 12 லட்சம். சாமானுக்கு 10, முதல் வருஷ ஓட்டத்துக்கு 2. இங்கதான் கதையோட வில்லன் என்ட்ரி. செலக்ட் ஆனவங்க லிஸ்ட் வெளிய வந்த உடனே போன் அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க வென்டர்கள். "சார் நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம், சாமான் நாங்களே இறக்கிடுவோம், பெயின்ட் அடிச்சு ராக்கெட் ஸ்டிக்கர் ஒட்டிடுவோம், மூணு கொட்டேஷனும் நாங்களே ரெடி பண்ணிடுவோம், நீங்க சைன் மட்டும்." இந்த மூணு கொட்டேஷன் வசனத்தைக் கேட்ட உடனே போனை வச்சிடுங்க. மூணு கொட்டேஷனையும் ஒரே ஆள் கொண்டுவர்றான்னா அது கொட்டேஷன் இல்ல, நாடகம், ஆடிட்ல மாட்டப்போறது அவன் இல்ல, சைன் போட்ட நீங்க. ஜெம் போர்ட்டல்ல, அதாவது அரசோட ஆன்லைன் கொள்முதல் தளத்துல வாங்கலாம், இல்ல முறையா டெண்டர் போடலாம், ரெண்டும் கொஞ்சம் இழுவைதான், ஆனா ராத்திரி தூக்கம் வரும்.

எங்களுக்கும் அப்படி ஒரு கம்பெனி வந்துச்சு, பேர் வேண்டாம். அவங்க கேட்லாக்ல ஒரு மல்டிமீட்டர் விலையைப் பாத்துட்டு எங்க கெமிஸ்ட்ரி டீச்சர் "இது தங்க முலாம் பூசினதா தம்பி?"ன்னு கேட்டாங்க. கம்பெனிப் பையன் சிரிக்கவே இல்ல.

சரி, அந்த பத்து லட்சத்துல என்னதான் வருது? லிஸ்ட்டை நாலு பேக்கேஜா பிரிச்சிருக்காங்க. எலக்ட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ், சென்சார் எல்லாம் ஒண்ணு. 3டி பிரிண்டர் சமாச்சாரம் ரெண்டாவது. ஸ்க்ரூடிரைவர், ட்ரில்லிங் மெஷின், மீட்டர் மாதிரி கைக்கருவிகள் மூணாவது. பவர் சப்ளை, சேஃப்டி சாமான் நாலாவது. விசிட் வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுக்கிறது ரெண்டாவது பேக்கேஜ் பக்கத்துல நின்னு. பசங்க தினம் தொடறது மூணாவது பேக்கேஜ். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், மிச்ச ரிவ்யூ படிக்காட்டியும் பரவால்ல.

3டி பிரிண்டரை நான் மட்டம் தட்டல. ஒரு சின்ன கியரை புள்ளையே டிசைன் பண்ணி அது கண்ணு முன்னாடி அடுக்கடுக்கா எழும்பி வர்றதைப் பாக்குறது பெரிய விஷயம்தான். ஆனா ஒரு கியர் வர மணிக்கணக்கு ஆகும், ஒரு பீரியட் 40 நிமிஷம், நடுவுல கரன்ட் போச்சுன்னா அது நூடுல்ஸ். யூ.பி.எஸ் இல்லாம பிரிண்டர் வாங்காதீங்க. கடலோர ஊர்னா ஃபிலமென்ட்டை, அதாவது பிரிண்டருக்குப் போடுற பிளாஸ்டிக் இழையை, காத்துப் புகாத டப்பால சிலிகா ஜெல் பாக்கெட்டோட வைங்க, இல்லன்னா ஈரம் குடிச்சு ஒடிஞ்சு ஒடிஞ்சு விழும். பி.எல்.ஏ-ங்கிற பிளாஸ்டிக் இழை ஒரு கிலோ ரோல் சுமார் ஆயிரம் ரூபா, அது தீந்தா அடுத்தது வாங்க எந்தக் கணக்குல காசு இருக்குன்னு முன்னாடியே பாத்து வைங்க.

அப்புறம் ஆர்டுயினோ, சென்சார், மோட்டாரையெல்லாம் புரோகிராம் எழுதி இயக்குற சின்ன சர்க்யூட் போர்டு. எந்த லேப்புக்குப் போனாலும் மூணு ப்ராஜெக்ட் கட்டாயம் இருக்கும்: கையைக் காட்டினா திறக்கிற குப்பைத்தொட்டி, பார்வையில்லாதவங்களுக்கு பீப் அடிக்கிற கைத்தடி, செடிக்கு தானா தண்ணி ஊத்துற மெஷின். கண்காட்சில போய் நின்னா வரிசையா குப்பைத்தொட்டியா திறந்து மூடிக்கிட்டிருக்கும். வீடியோவைப் பாத்து வயரைச் சொருகி, புரோகிராமை காப்பி பேஸ்ட் பண்ணினா வேலை செய்யும், அதுல அறிவியல் எங்க வந்துச்சுன்னு கேட்டா பதில் இல்ல.

ஆனா அந்தச் செடி மெஷின்லயே ஒருநாள் நல்ல பாடம் மாட்டுச்சு, அதைச் சொல்லியே ஆகணும். மண்ணுல ஈரம் பாக்குற சென்சார் ஒண்ணு இருக்கு, ஃபோர்க் மாதிரி ரெண்டு கால், சில பத்து ரூபாதான் விலை. ஒன்பதாம் கிளாஸ் பொண்ணுங்க அதைத் தொட்டி மண்ணுல குத்தி, 5 வோல்ட்ல இருபத்து நாலு மணி நேரமும் ஆன்லயே விட்டுட்டாங்க. கொஞ்ச நாள்ல ரீடிங் கண்டபடி ஓடுது. மண்ணு காஞ்சிருக்கா நனைஞ்சிருக்கான்னு அதுக்கே தெரியல. பிடுங்கிப் பாத்தா ஒரு காலு பளபளன்னு அப்படியே இருக்கு, இன்னொரு கால்ல செம்பையே காணோம், வெறும் போர்டுதான் மிச்சம், சுத்தி மண்ணுல பச்சையா ஏதோ படிஞ்சிருக்கு. "சார், எலி கடிச்சிருக்கும்"னு ஒருத்தி. "எலி ஒரு காலை மட்டும் கடிக்குமாடி"ன்னு இன்னொருத்தி. புது சென்சார் எடுத்து, வயரை மாத்திக் குடுத்து, திரும்பக் குத்தினாங்க. இந்தத் தடவை மத்த கால் கரைய ஆரம்பிச்சுது. பிளஸ் எந்தப் பக்கம் இருக்கோ அந்தக் கால்தான் போகுதுன்னு அவங்களே கண்டுபிடிச்சாச்சு. மின்னாற்பகுப்பு பாடத்தை போர்டுல எழுதி எத்தனை வருஷம் நடத்தினாலும் இந்த அளவுக்கு மண்டைல ஏறியிருக்காது. அப்புறம் ஒருத்தி, கரன்ட்டை எப்பவும் குடுக்காம ரீடிங் எடுக்கிற நேரம் மட்டும் ஆர்டுயினோ போர்டோட ஒரு பின்ல இருந்து குடுத்தா என்னன்னு கேட்டு, புரோகிராமை மாத்தினா. சென்சார் இப்ப ரொம்ப நாள் தாங்குது.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தப் பாடத்துக்கு செலவானது ரெண்டு மூணு சென்சார். பாழாப்போகணும், அதான் பாடமே. பாழாப்போனதுக்குப் பதிலா புதுசு எடுத்துக் குடுக்க அலமாரில ஸ்டாக் இருக்கணும், அந்த ஸ்டாக்குக்கு காசு வர்றது ரெண்டாவது பத்து லட்சத்துல இருந்து. நம்ம ஊர்ல அறிவியல் சாமான்னா ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏறினது அப்படியே இருக்கணும், ஆய்வுக்கு வர்றவங்க எண்ணிப் பாப்பாங்க, உடைஞ்சா யார் பதில் சொல்றது, அதனால பூட்டி வைப்போம். கண்ணாடி பீரோவுக்குள்ள பத்து வருஷமா பிரிக்காத கிட் இருக்கிற ஸ்கூல் எத்தனை வேணும் உங்களுக்கு? யானை வாங்கக் காசு இருக்கு, அங்குசம் வாங்கக் காசு இல்லங்கிற கதை. ஏ.டி.எல்-ல அந்த அங்குசத்துக்கும் காசு ஒதுக்கியிருக்காங்க, பேட்டரி, வயர், சால்டரிங் ஈயம், ஃபிலமென்ட், வெளியாள் வந்து வொர்க்‌ஷாப் நடத்தினா அவங்களுக்குக் குடுக்கிறது, எல்லாம் அந்த ஓட்டக்காசுல போகும். அதுக்குத்தான் ரெண்டரை மார்க்.

இது புதுசா கண்டுபிடிச்ச ஞானமும் இல்ல. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத்னு ஒரு மாவட்டம் (இப்ப பேர் நர்மதாபுரம்), அங்க 1972-ல 16 நடுநிலைப் பள்ளில செய்முறையாவே அறிவியல் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாங்க. கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர்னு ரெண்டு அமைப்பு. 1978-ல மாவட்டம் முழுக்க பரவுச்சு, 1982-ல இருந்து ஏகலவ்யாங்கிற அமைப்பு பாத்துக்கிட்டாங்க. பரீட்சைல கூட புத்தகத்தைத் திறந்து வச்சு எழுதலாம், செய்முறையும் உண்டு. வாத்தியாருக்குப் பயிற்சி, கிட், தீர்ந்த சாமானை நிரப்புறது, எல்லாம் சேர்ந்ததுதான் திட்டம். 2002-ல மாநில அரசு அதை நிறுத்திடுச்சு, அது தனி சோகம். தீப்பெட்டிக் குச்சியையும் சைக்கிள் ட்யூபையும் வச்சு பொம்மை செய்யற அர்விந்த் குப்தா இருக்காருல்ல, 2018-ல பத்மஸ்ரீ வாங்கினவர், அவரும் டெல்கோ (இப்ப டாடா மோட்டார்ஸ்) வேலைல இருந்து லீவு போட்டுட்டு 1978-ல போய் நின்ன இடம் அதுதான். ஐ.ஐ.டி கான்பூர்ல படிச்ச மனுஷன், விலை குறைஞ்ச சாமான் மேல அவருக்கு வந்த பைத்தியம் அங்க இருந்துதான்.

அவரால ஊரெல்லாம் பரவின சின்ன மோட்டார் ஒண்ணு இருக்கு, டார்ச் செல், ரெண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்ட், ஒரு வட்டக் காந்தம், கொஞ்சம் எனாமல் கம்பி. கம்பி வாங்கக் கூட வேண்டாம், மோட்டார் வைண்டிங் கடைல கேட்டா மிச்சத்தை சும்மாவே குடுப்பாங்க. சுருளோட ஒரு முனைல எனாமலை முழுசா சுரண்டணும், இன்னொரு முனைல பாதிச் சுத்தளவு மட்டும், மீதிப் பாதியை அப்படியே விடணும். ரெண்டையும் முழுசா சுரண்டினா சுத்தாது, ஆடிக்கிட்டு நிக்கும். ஏன் சுத்தலன்னு புள்ளை மண்டையைப் பிச்சிக்கிற அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் நான் சம்பளம் வாங்குறேன். ஒரு மோட்டார் ஐம்பது ரூபாய்க்குள்ள முடியும். 40 பேர் கிளாஸ், ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னா ஆயிரம் ரூபா. இந்த ஆயிரம் ரூபாயை வாங்குறதுதான் 10 லட்சம் வாங்குறதை விட கஷ்டம், ஏன்னா ஆயிரம் ரூபாய்க்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டாங்க.

சரி, கிராண்டுக்குத் திரும்புவோம், மைனஸ் சொல்லணும்ல.

ஒண்ணு, லிஸ்ட் முழுக்க எலக்ட்ரானிக்ஸ் வாடை. பயாலஜி, கெமிஸ்ட்ரி டீச்சருங்களுக்கு அந்த ரூம்ல நமக்கு என்ன வேலைன்னு தோணிடுது. ஒரு ரோபோ கிட் காசுல மடிக்கிற காகித மைக்ராஸ்கோப்பு, அதான் ஃபோல்ட்ஸ்கோப், எத்தனை வாங்கலாம் பாருங்க. ஸ்டான்ஃபோர்ட்ல மனு பிரகாஷ் குழு பண்ணினது, 140 மடங்கு பெருசாக் காட்டும், சட்டைப் பாக்கெட்ல போட்டு வயலுக்கே கொண்டு போகலாம். குளத்துத் தண்ணி ஒரு சொட்டு போதும், அன்னிக்கு கிளாஸ்ல யாரும் தூங்க மாட்டாங்க. ஓட்டக்காசுல இந்த மாதிரி சாமானுக்கு இடம் கேட்டுப் பாருங்க, ஒத்துக்கிட்டா லாபம்.

ரெண்டு, நேரம். லேப்புக்கு காசு இருக்கு, சாமான் இருக்கு, ஆனா டைம்டேபிள்ல பீரியட் இல்ல. இன்சார்ஜுக்கு தனி ஆள் கிடையாது, ஏற்கனவே வாரத்துக்கு இருபத்தெட்டு பீரியட் எடுக்கிற வாத்தியார்தான் பாத்துக்கணும். வெளிய இருந்து தன்னார்வமா வர்ற மென்டர் வச்சுக்கலாம்னு ஏற்பாடு இருக்கு, பக்கத்துல இன்ஜினியரிங் காலேஜோ கம்பெனியோ இருந்தா சரி, பஸ் ரெண்டு தடவை மட்டும் வர்ற ஊருக்கு யார் வருவாங்க. இதுக்குத்தான் ஒன்றரை மார்க் கழிச்சேன், பேப்பர் வேலைக்கு இல்ல.

பேப்பர் வேலையைப் பத்தி எல்லாரும் பொலம்புவாங்க, நான் பொலம்ப மாட்டேன். அரசுக் காசு, கணக்கு கேப்பாங்க, கேக்கணும். யூ.சி, அதாவது யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட், 12-ஏ ஃபார்ம்ல, ஆடிட்டர் கையெழுத்தோட. சாமான் கணக்கு வேற, ஓட்டக் கணக்கு வேற, இதுல மிச்சமானதை அதுல போடக்கூடாது. அக்கவுண்ட்ல கிடந்த காசுக்கு பேங்க் போட்ட வட்டி கூட உங்க ஸ்கூல் காசு இல்ல, அதையும் காட்டித் திருப்பணும், இதுலதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. யூ.சி க்ளியர் ஆனாதான் அடுத்த தவணை. அதனால பில்லை ஒரு ஃபைல்ல அன்னன்னிக்கே ஒட்டிடுங்க. மார்ச் மாசம் தேடினா கிடைக்காது, தெர்மல் பேப்பர் பில்லா இருந்தா கிடைச்சாலும் எழுத்து இருக்காது, வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸ் போட்டு வைங்க. ஆடிட்டர் ஃபீஸ் எவ்வளவுன்னு முதல் நாளே பேசிக்குங்க.

இப்ப மத்த வழிகள். ஒவ்வொண்ணும் நீட்டி முழக்கப் போறதில்ல.

இன்ஸ்பயர் மானக். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோடது. ஸ்கூல்ல இருந்து ஐடியாக்களை ஆன்லைன்ல அனுப்பணும், தேர்வானா 10,000 ரூபா நேரா அந்தப் புள்ளையோட பேங்க் அக்கவுண்டுக்கே போயிடும். வாத்தியார் கைல காசு படாதது பெரிய நிம்மதி. என் மார்க் 4. ஒரு கண்டிஷன்: ஐடியா புள்ளையோடதா இருக்கணும். நெட்ல இருந்து எடுத்த ஐடியாவை வாத்தியார் மெருகு போட்டு அனுப்புறது நடக்குது, மாவட்டக் கண்காட்சில நடுவர் ரெண்டு கேள்வி கேட்ட உடனே புள்ளை முழிக்கும், பாவமா இருக்கும். அக்கவுண்ட் பேர்ல ஸ்பெல்லிங் ஆதார்ல உள்ளபடியே இருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க. ஆனா இது ஒரு புள்ளைக்கான காசு, கிளாஸுக்கான காசு இல்ல.

அரசுப் பள்ளின்னா மத்திய, மாநில அரசு சேர்ந்து நடத்துற பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷால பள்ளி மானியம் வரும், 250-க்கு மேல 1,000 பேர் வரைக்கும் படிச்சா வருஷத்துக்கு 75,000, அதுக்கு மேலன்னா 1 லட்சம். சுண்ணாம்பு, சாக்பீஸ், குழாய் ரிப்பேர், சுத்தம், எல்லாமே அதுக்குள்ளதான், அறிவியலுக்கு எவ்வளவுங்கிறது ஹெச்எம்மும் பள்ளி மேலாண்மைக் குழுவும் நினைச்சா உண்டு. குழுக் கூட்டத்துல ஒரு அப்பா "கக்கூஸுக்கு தண்ணி இல்ல, உங்களுக்கு காந்தம் கேக்குதா"ன்னு கேட்டா, அவர் கேக்குறதும் நியாயம்தான். அதனால பெரிய தொகை கேக்காதீங்க, மோட்டாருக்கு அந்த ஆயிரம், லிட்மஸ், வினிகர்னு ஒரு சின்ன லிஸ்ட்டோட போங்க.

தமிழ்நாடு அரசோட வானவில் மன்றம் காசு குடுக்காது, ஆளையும் கிட்டையும் குடுக்கும். 2022 நவம்பர்ல திருச்சில தொடங்கினாங்க, 13,000-க்கும் மேல அரசுப் பள்ளிகள்ல 6 முதல் 8 வரைக்கும் உள்ளவங்களுக்கு, கருத்தாளர் ஒருத்தர் சாமானோட வந்து செஞ்சு காட்டுவார். நான் மேல சொன்ன 'நேரமும் ஆளும் இல்ல'ங்கிற ஓட்டையை அடைக்கப் பாக்குற திட்டம் இது ஒண்ணுதான், அதுக்காகவே எனக்குப் பிடிக்கும். வர்றவங்க போனப்புறமும் அதே சோதனையை கிளாஸ் வாத்தியார் இன்னொரு தடவை செஞ்சாதான் பிரயோஜனம். உதவிபெறும் பள்ளிக்காரங்க நாங்க வெளிய நின்னு எட்டிப் பாத்துக்கலாம்.

சி.எஸ்.ஆர். கம்பெனிச் சட்டம் 2013, 135-வது பிரிவு, லாபம் பாக்குற பெரிய கம்பெனிங்க கடந்த மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகத்துக்கு செலவு பண்ணணும். கல்வி அந்த லிஸ்ட்ல இருக்கு. வழக்கமா எல்லாரும் ஜனவரி, பிப்ரவரில போய் நிக்குறாங்க, அப்ப கம்பெனிக்கு வருஷக் காசை முடிக்கிற அவசரம், அதனால கையில கிடைக்கிறது பெட்டி சாமான், அவங்க பேர் போட்ட பெரிய போர்டு, போட்டோ. எங்களுக்கு அப்படி ஒரு கம்பெனி (பேர் சொல்ல மாட்டேன்) ஒரு ஸ்மார்ட் போர்டு குடுத்தாங்க. கேட்டது லென்ஸும் ப்ரிஸமும். ஏப்ரல், மே மாசம் போங்க, அப்பதான் வருஷத் திட்டம் போடுவாங்க. பல வருஷத் திட்டமா எடுத்துக்க சட்டத்துல இடம் இருக்கு, ஆரம்பிச்ச வருஷம் போக இன்னும் மூணு வருஷம் வரை இழுக்கலாம், இதைச் சொல்லிக் கேளுங்க, நிறைய ஸ்கூல் கேக்குறதே இல்ல. ஸ்கூலை நடத்துற டிரஸ்ட்டுக்கு வருமான வரிச் சட்டத்துல 12-ஏ, 80-ஜி பதிவு (யூ.சி-யோட 12-ஏ ஃபார்ம் வேற), அப்புறம் 2021-ல இருந்து கேக்குற சி.எஸ்.ஆர்-1 பதிவு எல்லாம் கையில இருந்தா பேச்சு சீக்கிரம் முடியும். அரசுப் பள்ளிக்காரங்களுக்கு இந்தத் தலைவலி கம்மி, தமிழ்நாடு அரசோட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியா குடுக்கிறவங்களை வரவைக்கலாம், 2022 டிசம்பர்ல ஆரம்பிச்சது. என் மார்க், சி.எஸ்.ஆருக்கு 2-ல இருந்து 4.5 வரை. கம்பெனில உங்ககூட பேசுற அந்த ஒருத்தர் எப்படிப்பட்ட ஆளுங்கிறதைப் பொறுத்தது.

கேக்குற லெட்டர்ல நான் போடுற வரிசையைச் சொல்றேன், காப்பி அடிச்சுக்கோங்க. முதல்ல தீந்துபோற சாமானுக்கு மூணு வருஷக் காசு. அடுத்து சனிக்கிழமை வந்து பசங்களோட உக்கார ஒரு ஆளுக்கு மதிப்பூதியம், உள்ளூர்ல பி.எஸ்சி முடிச்சிட்டு வேலை தேடிக்கிட்டிருக்கிற பொண்ணு ஒண்ணு கட்டாயம் இருக்கும். மூணாவது ரிப்பேர் செலவு. மெஷின் கடைசில. இந்த வரிசையைப் பாத்துட்டு "என்ன சார், காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லையே"ன்னு கேட்ட கம்பெனி உண்டு. லிஸ்ட்டை வாங்கிக்கிட்டு "மதிப்பூதியம் கம்மியா போட்டிருக்கீங்க"ன்னு ஏத்திக் குடுத்த ஆளும் உண்டு.

கடைசியா பழைய மாணவர்கள். வெளிநாட்டுல இருக்கிறவங்க காசு அனுப்புறேன்னு சொன்னா ஒரு விஷயம் கேட்டுக்குங்க: இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டா, இல்ல அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிட்டாங்களான்னு. இந்தியப் பாஸ்போர்ட்டோட அங்க வேலை பாக்குறவர் தன் சேமிப்பை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. குடியுரிமை மாத்தினவர்கிட்ட இருந்து வாங்கணும்னா டிரஸ்ட்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ அனுமதி, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குற அனுமதி வேணும், அது இல்லாம பத்து ரூபா கூட வாங்காதீங்க, அன்பா குடுக்கிறவங்களையும் சேர்த்து சிக்கல்ல இழுத்து விட்ட மாதிரி ஆயிடும். உள்ளூர்ல இருக்கிறவங்ககிட்ட நான் காசே கேக்குறதில்ல. எங்ககிட்ட படிச்சவன் ஒருத்தன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கான், ஸ்கூல் திறந்த முதல் வாரம் ஒரு அட்டைப்பெட்டில செல், எல்.இ.டி, வயர் துண்டு, இன்சுலேஷன் டேப் எல்லாம் போட்டு அனுப்பிடுவான். பில் கேட்டா "எழுதத் தெரியாது சார், நீங்கதானே கணக்கு டீச்சர்கிட்ட என்னை மாட்டி விட்டீங்க"ம்பான். ரெஜிஸ்டர்ல நன்கொடைன்னு எழுதி, ஹெச்எம் கையெழுத்து வாங்கி, பெட்டியை மதியமே பிரிச்சிடுவோம்.